ஓட்டை விழுந்த காதுக்கு எண்ணெய் எதற்கு?

ஈரோடு மாவட்டத்துத் தறி ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வயதிலிருந்தே இடது காதில் சீழ் வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. சளி பிடித்தால் வரும். வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் வரும். வலி பெரிதாக இல்லை. மாமியார் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஊற்றிவிடுவார். அதற்கும் நிற்காவிட்டால் மருந்துக்கடையில் சொல்லி ஏதாவது சொட்டு மருந்து. காது குத்தியபோது ஆசாரி சரியாகக் குத்தவில்லை, அதில் பிடித்த சீழ்தான் இன்னும் ஆறவில்லை என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு. சமீபத்தில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பிள்ளையைப் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பியது. "ஜவ்வில் ஓட்டை இருக்கிறது, காது காய்ந்ததும் ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார்கள் அங்கே. உறவுக்காரர்கள் ஒரே பேச்சாக வேண்டாம் என்கிறார்கள். கத்தி வைத்தால் இருக்கிற காதும் போய்விடும், வயசுக்கு வந்தால் தானாகச் சரியாகிவிடும், காதுக்குப் பின்னால் தழும்போடு இருந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?

கடைசிப் பக்கத்தில் கணவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவர். ராத்திரியானால் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரே சத்தம் என்கிறாராம். டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். அவருடைய காதுதான் பிள்ளைக்கும் வந்திருக்குமோ என்று வாசகிக்குச் சந்தேகம். தனக்குக் காதில் ஒரு குறையும் இல்லை, தினமும் குளித்ததும் பட்ஸ் போட்டுச் சுத்தம் செய்துகொள்வதுதான் காரணம் என்றும் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்களுக்குக் கை கால் ஓடாமல் போனது புரிகிறது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. ஆறேழு வருடமாகக் காது ஒழுகிக்கொண்டிருக்கிறதே, அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பள்ளிக்கு வந்த குழுவும் அரசு மருத்துவமனையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

காது குத்தியவர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். தோடு போடும் மடலுக்கும் சீழ் வரும் இடத்துக்கும் தொடர்பே கிடையாது. காதுத் துவாரத்தில் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. உள்ளே போனால் செவிப்பறை, அதாவது ஜவ்வு. அதற்குப் பின்னால் நடுக்காது என்ற சின்ன அறை. ஒன்றோடொன்று கோத்த மூன்று குட்டி எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஊஸ்டேஷியன் குழாய் என்று ஒரு வழி போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும். அதனால் மூக்கில் சளி பிடித்தால் கிருமி சுலபமாக நடுக்காதுக்கு ஏறிவிடும். சீழ் சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் ஜவ்வைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஓட்டை சில வாரங்களில் தானே மூடிவிடும். உங்கள் மகளுக்கு மூடவில்லை. மூக்குப் பக்கமிருந்து சளியும் வெளிப்பக்கமிருந்து தண்ணீரும் எண்ணெயும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால் எப்படி மூடும்?

வலி இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டை வழியாகச் சீழ் வெளியேறிவிடுவதால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாததால் வலி இல்லை. நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் காது ஒழுகினாலே அதை நாள்பட்ட நோயாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

எண்ணெய், பூண்டு, மருந்துக்கடைச் சொட்டு

அத்தையிடம் இதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். அவருடைய காலத்தில் இருந்த வழி அதுதான். ஆனால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஜவ்வில் ஓட்டை இருக்கும்போது ஊற்றுகிற எதுவும் நேராக நடுக்காதுக்குப் போகும். நல்லெண்ணெய், பூண்டு, துளசிச் சாறு, தாய்ப்பால், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சூடு கொஞ்சம் கூடினால் உள்ளே வெந்துபோகும். எண்ணெயும் ஈரமும் சேர்ந்த காதில் பூஞ்சை நன்றாக வளரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்தது போல, வெள்ளையில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். சீழுக்கு வைத்தியம் செய்யப் போய் பூஞ்சையையும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் காது மருத்துவர்களான எங்கள் வாசலில் நிறையப் பேர்.

எண்ணெய்க்கு ஒரே ஒரு இடம் உண்டு. ஓட்டை இல்லாத காதில் உயிருள்ள பூச்சி புகுந்து குடைந்தால், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அதை அசையாமல் செய்துவிட்டு மருத்துவரிடம் வரலாம். உங்கள் மகளுக்கு அதுவும் கூடாது.

மருந்துக்கடைச் சொட்டு இதைவிட நுட்பமான விஷயம். ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் ஓட்டை வழியாக உட்காதுக்குப் போய்க் கேட்கும் நரம்புச் செல்களைப் பாதிக்கக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகைக்கு அந்த ஆபத்து இல்லை என்பதால் ஓட்டை உள்ள காதுக்கு அவற்றைத்தான் எழுதுவோம். அட்டைப் பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டில்களை ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மருந்து விடும் முறை பற்றி யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. சீழ் நிறைந்த காதில் சொட்டு விட்டால் அது சீழின் மேல் மிதந்துவிட்டு வெளியே வழிந்துவிடும். முதலில் காதைக் காயவைக்க வேண்டும். சுத்தமான பழைய காட்டன் துணியில் ஒரு சின்னத் துண்டை எடுத்துத் திரியாக முறுக்குங்கள். மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, திரியை மெதுவாகத் துவாரத்தில் வைத்து, கொஞ்ச நேரம் ஊற விட்டு எடுங்கள். எடுத்த திரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது. திரி காய்ந்து வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் மருந்து பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருங்கள். சில்லென்று விட்டால் பிள்ளைக்குத் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சொட்டு விட்டு, காதுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும்.

தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவித் துவாரத்தில் வைத்து அடையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், காதுக்குள் மட்டும் போகக்கூடாது. வாய்க்கால் குளியல் ஆபரேஷன் முடிந்து ஜவ்வு நன்றாகப் பிடிக்கும்வரை கிடையாது. பிள்ளை அழுவாள். சமாளியுங்கள்.

இனி ஆபரேஷன்

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வயசுக்கு வரட்டும் என்று காத்திருப்பது உறவுக்காரர்கள் சொல்லும் வழி. பிள்ளை வளர வளர ஊஸ்டேஷியன் குழாய் சரிவாகிச் சளித் தொல்லை குறையும் என்பது உண்மை. அந்தப் பேச்சுக்கு மூலம் அதுவாக இருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் ஓரம் தடித்துப்போன ஓட்டை அதனால் மூடிவிடாது. ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் அந்தக் குட்டி எலும்புகள் அரிக்கப்படும் வாய்ப்பு இருக்கிறது. எலும்பு அரித்துப்போனால் ஜவ்வை ஒட்டினாலும் கேட்பது முழுசாகத் திரும்பாது.

மருந்தை மட்டும் விட்டுக்கொண்டே காதைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது இரண்டாவது வழி. சளி தொடர்ந்து இருக்கும் சின்னக் குழந்தைகளுக்கு, மயக்க மருந்து கொடுக்க முடியாதவர்களுக்கு இதைச் செய்வோம். ஆபத்தில்லாத வழிதான். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பயந்துகொண்டு இருக்க வேண்டும், கேட்கும் குறையும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது ஆபரேஷன். ஏழெட்டு வயதுக்கு மேல் இதைச் செய்வது வழக்கம். உங்கள் மகளுக்கு வயது சரியாக இருக்கிறது. காதுக்கு மேலே இருக்கும் தசையின் மேலுறையிலிருந்தோ, காதுக்கு முன்னால் இருக்கும் மேட்டின் குருத்தெலும்பிலிருந்தோ சின்ன ஒரு துண்டு எடுத்து ஓட்டையின் மேல் ஒட்டுப் போடுவோம். பிள்ளைகளுக்கு முழு மயக்கத்தில் செய்வது. காதுக்குப் பின்னால் கீறிச் செய்தாலும் தழும்பு மடலின் மடிப்பிலேயே மறைந்துவிடும். முடியை வாரினால் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பின்னால் கீறாமல், எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் மூலம் துவாரம் வழியாகவே செய்யவும் முடியும். அதைக் கேட்டுப் பாருங்கள். பெண் பார்க்க வருகிறவர் தழும்பைத் தேடுவாரா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத பெண் என்ற பேச்சு அதைவிட வேகமாக ஊரைச் சுற்றும்.

ரிஸ்க் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. பத்துப் பேருக்குச் செய்தால் ஒன்றிரண்டு பேருக்கு ஒட்டு பிடிக்காமல் போகலாம். அப்போது பிறகு மறுபடி செய்ய வேண்டிவரும். நாக்கில் ஒரு பக்கம் சில வாரம் ருசி மாறித் தெரியலாம், ஏனென்றால் ருசி நரம்பு ஒன்று நடுக்காதின் வழியாகத்தான் போகிறது. இருக்கிற கேட்கும் திறன் போவது மிக அரிது. "கத்தி வைத்தால் காது போய்விடும்" என்று ஊரில் சொல்லும் கதைகளை விசாரித்தால், பெரும்பாலும் அந்தக் காது ஆபரேஷனுக்கு வெகுகாலம் முன்பே போயிருக்கும்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள்: ஓட்டை நடுவில் இருக்கிறதா, மேல் ஓரத்தில் இருக்கிறதா? நடுவில் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஓரத்தில் இருந்து, சீழ் கொஞ்சமாகவும் தாங்க முடியாத நாற்றத்தோடும் வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். கொலஸ்டியடோமா என்று பெயர். தோல் உள்ளே புகுந்து வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டே போகும். அதற்குச் சி.டி. ஸ்கேன் எடுத்து, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் பெரிய ஆபரேஷன் தேவைப்படும். அங்கே யோசிக்கவே நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடிதத்தில் நாற்றம் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் இது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். ஆனாலும் கடிதத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது, காதுக்குள் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது வழக்கமாக நடக்கும் ஆபரேஷன். உங்களுக்குப் பெருந்துறையும் கோவையும் பக்கம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அட்டைக்கு எங்கே எழுதிக்கொடுப்பது என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே சொல்வார்கள்.

அதுவரை பள்ளியில் ஒரு சின்ன ஏற்பாடு. டீச்சரிடம் சொல்லி முன்வரிசையில் இடது ஓரமாக உட்காரவையுங்கள். நல்ல காது, அதாவது வலது காது, பாடம் நடக்கும் பக்கம் இருக்கும். கவனமில்லாத பிள்ளை என்று யாராவது சொல்லியிருந்தால், அதில் பாதி இந்தக் காதால் வந்த பெயராக இருக்கலாம்.

இவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்

காய்ச்சலோடு காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து மடல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், வாய் ஒரு பக்கம் கோணினால், நிற்க முடியாத தலைசுற்றல் வந்தால், விடாத தலைவலியும் வாந்தியும் இருந்தால், பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டே இருந்தால், அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ராத்திரியாக இருந்தாலும் சரி. சீழ் நடுக்காதைத் தாண்டி எலும்பு, நரம்பு, உட்காது, மூளைப் பக்கம் பரவும்போது தெரியும் அறிகுறிகள் இவை.

தறிக்காரர் காது

கணவருக்கு வந்ததும் மகளுக்கு வந்ததும் ஒன்றில்லை, பரம்பரையும் இல்லை. மகளுக்குப் பழுது நடுக்காதில். ஒட்டுப் போட்டுச் சரிசெய்யக் கூடியது. அவருக்குப் பழுது பெரும்பாலும் உட்காதில், ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுக்கும் மயிரிழைச் செல்களில். அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. நரம்பு டானிக், ஊசி என்று யாராவது விற்க வந்தால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் இருந்தாலே காலப்போக்கில் காது கெடத் தொடங்கும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வெகுகாலமாக 90 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. தறி வரிசையாக ஓடும் பட்டறைக்குள் அந்த 90ஐத் தாண்டுவது சாதாரணம். முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்பார்கள். அந்த 'கொய்ங்' சத்தமும் இதன் கூடவே வருவது. ராத்திரி ஊர் அடங்கியதும் பெரிதாகத் தெரியும். ஃபேன் சத்தமோ, மெல்லிய பாட்டோ ஓடினால் தூக்கம் பிடிக்கும்.

போனது வராது, ஆனால் மீதியைக் காப்பாற்றலாம். பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று பட்டறைகளில் நினைக்கிறார்கள். அதனால் பிரயோஜனமே இல்லை. மருந்துக்கடையிலும் பாதுகாப்புச் சாமான் கடையிலும் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை வாங்குங்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றொரு கையால் மடலை மேலே இழுத்து, துவாரத்தில் செருகி, அது உப்பி நிறையும்வரை பிடித்திருக்க வேண்டும். முதல் சில நாள் தறியின் ஓசை மாறித் தெரியும், இழை அறுந்தது தெரியாதோ என்று பயமாக இருக்கும். பழகிவிடும். பேச்சு கேட்பது சிரமமாகிவிட்டால் காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போட வேண்டாம். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் பழகிக்கொள்வது கஷ்டம்.

உரிமை விஷயமும் ஒன்று உண்டு. இரைச்சலால் வரும் காது கேளாமை, சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பட்டறையில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் அவர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுத்துப் பதிவு செய்யட்டும். பின்னால் எதைக் கேட்பதாக இருந்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும். சின்னப் பட்டறையாக இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்காது என்பதுதான் நிலைமை. அப்போதும் ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளில், ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் அதைத் தறிக்காது என்று விட்டுவிடக்கூடாது. உடனே மாத்திரை தொடங்கினால் திரும்பக்கூடிய நோய் அது. வாரங்கள் கடந்தால் வாய்ப்பு குறைந்துவிடும்.

பட்ஸ்

உங்கள் காது நன்றாக இருப்பது பட்ஸால் இல்லை, பட்ஸையும் மீறி. காதுத் துவாரத்தின் தோல் உள்ளிருந்து வெளியே தானாக நகர்கிறது, வாய் அசையும்போது குறும்பியும் உதிர்ந்து வந்துவிடும். குறும்பி அழுக்கும் இல்லை, தண்ணீரையும் கிருமியையும் தடுக்கும் பூச்சு. பட்ஸ் அதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு மீதியை உள்ளே தள்ளும். காதுக்குள் விடக்கூடாது என்று பாக்கெட்டிலேயே அச்சடித்துத்தான் விற்கிறார்கள். குளித்ததும் துண்டின் நுனியால் மடலைத் துடைத்தால் போதும். அரித்தால் ஹேர்பின் வேண்டாம். அடைத்துக்கொண்டால் மருத்துவர் எடுத்துவிடுவார்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். மகளின் காது மருந்தால் நன்றாகக் காய்ந்ததும் ஆடியோகிராம் எடுத்து, தேதி வாங்குங்கள். பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் கிடைத்தால் நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், காதில் தண்ணீர் படக்கூடாது. பள்ளி நாளில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது? தேதி வாங்கப் போகும் அன்று கணவரையும் ஒரு ஷிப்ட் லீவு போடச் சொல்லி அழைத்துப் போங்கள். பிள்ளைக்கு எடுக்கும் அதே அறையில் அவருக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடலாம்.